தவளையா, நுணலா? குறுக்கெழுத்தில் வரும் பழந்தமிழ் வரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் ஐந்து வீடுகளுக்கு ஞாயிறு பேப்பர் வருகிறது. காலைத் தேத்தண்ணி முடிவதற்குள் யாராவது ஒருவர் குறுக்கெழுத்துப் பக்கத்தை நாலாக மடித்துக்கொண்டு எங்கள் கதவைத் தட்டுவார். நான் பண்டிதர் இல்லை. உயர்தரத்தில் தமிழ் படித்தேன், அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து கட்டம் நிரப்பிப் பழகினேன், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு ஒவ்வொரு ஞாயிறும் வாய்வலிக்கச் சொல்வதை விட எழுதி வைப்பது லேசு என்று தோன்றியது. அடைப்புக்குள் இருக்கும் எண், கட்டங்களின் எண்ணிக்கை.

கட்டங்களை எப்படி எண்ணுவது?

எழுத்துக்கு ஒரு கட்டம். உயிர், மெய், உயிர்மெய் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை. ‘முல்லை’ மூன்று கட்டம்: மு, ல், லை. புள்ளி வைத்த எழுத்தை முன்னெழுத்தோடு சேர்த்து ஒரே கட்டத்துக்குள் திணிக்கிறவர்கள்தான் பாதிவழியில் மாட்டிக்கொள்வார்கள்.

வடமொழிப் பெயர்கள் வந்தால் கொஞ்சம் கவனம். விபீஷணன் ஐந்து கட்டம். கம்பன் எழுதுகிற வீடணன் நான்கு. இலக்குவனும் லட்சுமணனும் ஆறு ஆறாக நின்று ஆளைக் குழப்புவார்கள். அங்கே குறுக்கே வரும் சொல்தான் துணை.

‘தன் வாயால் கெடுவது (3)’ என்று கேட்டிருந்தார்கள். ‘தவளை’ என்று போட்டேன், பொருந்தவில்லையே?

நானும் இதே குழியில் விழுந்திருக்கிறேன். மூன்று கட்டம், த-வ-ளை, அழகாக உட்கார்ந்தது. பேனையால் எழுதியும் விட்டேன். மூன்றாவது கட்டத்தின் ஊடாக மேலிருந்து கீழ் ஒரு சொல் இறங்கியது: ‘பாரியின் தேர் இதற்கு (3)’. முல்லை என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதன் நடுக்கட்டத்தில் என் ‘ளை’ குந்திக்கொண்டிருந்தது. மு-ளை-லை என்று ஒரு கொடி உலகத்தில் இல்லை.

அம்மம்மா எட்டிப் பார்த்துவிட்டு, ‘நுணல் எண்டு போடு’ என்றார். நு-ண-ல். ‘ல்’ வந்து முல்லைக்கு நடுவில் பொருந்தியது.

நுணல் என்பது தவளைக்கு ஒரு பழைய பெயர். ‘மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலும்தன் வாயால் கெடும்’ என்பது பழமொழி நானூறு. முன்றுறை அரையனார் பாடிய நானூறு வெண்பாக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு பழமொழி. மணலுக்குள் பேசாமல் கிடந்திருந்தால் பிழைத்திருக்கும். கத்தி இடத்தைக் காட்டிக் கொடுத்தது. காலப்போக்கில் மணலும் போய் நுணலும் போய், ‘தவளை தன் வாயால் கெடும்’ என்று நம் வாயில் தங்கிவிட்டது. ‘பாம்பின் கால் பாம்பறியும்’, ‘நிறைகுடம் தளும்பாது’ இரண்டும் அதே நூலில் இருக்கின்றன.

இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருகிற விஷயமே இதுதான். ஒரு வரிக்கு வாயில் ஒரு வடிவம், ஏட்டில் ஒரு வடிவம். கதைக்கும்போது வாயில் இருப்பதைச் சொல்லுங்கள், அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கட்டம் பெரும்பாலும் ஏட்டைத்தான் கேட்கும்.

‘கண்டேன் சீதையை’ கம்பன் வரிதானே?

பேச்சில் அப்படி. சுந்தர காண்டத்தில் அனுமன் திரும்பி வந்து சொல்வது ‘கண்டனென், கற்பினுக்கு அணியை, கண்களால்’ என்று தொடங்குகிறது. கண்டேன் நான்கு கட்டம், கண்டனென் ஐந்து.

‘சீதையை’ என்று தொடங்கியிருந்தால், அடுத்த சொல் வரும்வரை இராமனுக்கு உயிர் போய் வந்திருக்கும். அதனால்தான் வினைமுற்று முதலில் வந்தது என்று எங்கள் தமிழ் ஆசிரியர் சொல்வார். உயர்தரப் பெறுபேறு வந்த அன்று மச்சாள் போன் எடுத்து, சுட்டெண், பாடம், இணையத்தளம் திறக்காதது என்று பத்து நிமிடம் கதைத்துவிட்டுத்தான் ‘கம்பஸ் கிடைச்சிட்டுது’ என்றாள். மாமி அதற்குள் சுவாமி அறைக்குப் போய்விட்டார்.

‘இன்று போய் நாளை வா’ என்று சொன்னது யார்?

இராமன், இராவணனிடம், யுத்த காண்டத்தில், முதல் நாள் போர் முடிவில். கம்பன் எழுதியது ‘இன்றுபோய்ப் போர்க்கு நாளைவா’. நடுவில் இருந்த ‘போர்’ எங்கேயோ விழுந்துவிட்டது. அது விழுந்ததால்தான் இந்த வரி இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். இன்றைக்கு அதை அதிகம் கேட்கும் இடம் கவுண்டர்.

பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்று எடுக்க ஓர் அலுவலகத்துக்கு மூன்று நாள் நடந்தேன். மூன்று நாளும் அதே பதில், அதே புன்னகை. இராமன் சொன்னதற்காவது ஒரு காரணம் இருந்தது: எதிரில் நின்றவன் கையில் ஆயுதம் இல்லை. என் கையில் படிவம் இருந்தது, முத்திரையும் ஒட்டியிருந்தது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைப் பார்த்து ‘வெறுங்கையோடு இலங்கை புக்கான்’ என்கிறார்களே, அது என்ன?

மேலே சொன்ன சம்பவத்தின் தொடர்ச்சி. நாளைக்கு வா என்று அனுப்பப்பட்ட இராவணன் நகரத்துக்குத் திரும்புகிறான். திசை யானைகளோடு மோதிய மார்பு, மலையைத் தூக்கிய தோள், நாரதருக்கு ஈடாகப் பாடிய நா, பத்து முடி, சிவன் தந்த வாள், வீரம் என்று வரிசையாகச் சொல்லி, அத்தனையையும் ‘களத்தே போட்டு வெறுங்கையோடு இலங்கை புக்கான்’ என்று முடிக்கிறான் கம்பன். புக்கான் என்றால் நுழைந்தான். ‘வெறுங்கை (4)’ என்ற விடை ஆண்டுக்கு இரண்டு தடவையாவது வரும்.

கட்டுநாயக்கவில் ஒரு சின்னத் தோள்பையோடு மட்டும் மச்சான் வெளியே வந்தால் அப்பா இந்த வரியை முணுமுணுப்பார். ‘மார்பும் தோளும் அடுத்த பிளேனிலயோ?’ என்று ஒருமுறை கேட்டே விட்டார். சொக்லேட் பெட்டி உண்மையாகவே அடுத்த விமானத்தில்தான் வந்தது.

‘கடன்பட்டார் நெஞ்சம்போல் கலங்கினான் இலங்கை வேந்தன்’: கம்பராமாயணத்தில் எந்தக் காண்டம்?

எந்தக் காண்டத்திலும் இல்லை. பட்டிமன்றத்திலும் கல்யாண வீட்டிலும் கம்பன் தலையில் கட்டிவிடுகிறார்கள். அருணாசலக் கவிராயரின் பாட்டு என்றுதான் விஷயம் தெரிந்தவர்கள் காட்டுவார்கள். இராம நாடகக் கீர்த்தனை பாடியவர் அவர். நஞ்சுண்ட மீன், நெருப்பில் பட்ட மெழுகு, பாம்பின் வாய்த் தேரை என்று உவமைகளை அடுக்கிவிட்டுக் கடைசியில் கடனுக்கு வருகிறது அந்தப் பாட்டு. தவணைக்கு வாகனம் வாங்கியவர்களுக்கு மற்ற உவமைகள் தேவைப்படாது.

இதே ‘கடன்’ இன்னொரு குறிப்பிலும் வரும்: ‘அப்பருக்குப் பணி செய்து கிடப்பது (3)’. ‘என்கடன் பணிசெய்து கிடப்பதே’ என்ற தேவார வரி. அங்கே கடன் என்றால் கடமை. வங்கிக் கிளையில் தொங்கவிடத் தோதான வரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

இலட்சுமணன் கோடு, பாலத்துக்கு மண் சுமந்த அணில்: இரண்டும் ராமாயணம்தானே?

வால்மீகியில் கோடும் இல்லை, அணிலும் இல்லை. கம்பனிலும் இரண்டும் இல்லை. கம்பனின் இராவணன் கோட்டைப் பற்றிக் கவலைப்படாமல், சீதையைத் தொடாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிறான்.

அணில் வேறு வழியாக வந்தது. தொண்டரடிப்பொடி ஆழ்வாரின் திருமாலையில் இருக்கிறது. குரங்குகள் மலைகளை உருட்டிக்கொண்டு வரும்போது, அணில் தண்ணீரில் குளித்து, மணலில் புரண்டு, ஓடிக் கடலைத் தூர்க்கப் பார்க்கிறது. அந்தக் கள்ளமில்லாத அணிலைப் போலக்கூட நான் இல்லையே என்று ஆழ்வார் நொந்துகொள்கிறார்: ‘சலமிலா அணிலும் போலேன்’. நாம் ‘என்னாலான அணில் உதவி’ என்று சந்தா கொடுக்கும்போது அந்த நொந்துகொள்ளலை எல்லாம் விட்டுவிட்டோம். முதுகில் மூன்று கோடு போட்ட கதை இந்தப் பாட்டில் கிடையாது.

விபீஷணன் என்றால் துரோகி என்று போடலாமா?

குறிப்பு ‘காட்டிக் கொடுத்தவன்’ என்றால் வேறு வழியில்லை. நம் பேச்சில் அந்தப் பெயருக்கு அப்படி ஒரு கறை ஏறிவிட்டது. கம்பனில் இராமன் அவனைத் தம்பியாக ஏற்கிறான்: குகனோடு ஐவரானோம், சுக்கிரீவனோடு அறுவரானோம், ‘நின்னொடும் எழுவர் ஆனேம்’.

கொழும்பில் இருக்கிற நமக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் களனி விகாரை வளவில் விபீஷணனுக்குக் கோயில் இருக்கிறது. சிங்கள மக்கள் அவரைக் காவல் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள். என்னோடு வேலை செய்யும் சிங்கள நண்பர் ஒருவரிடம் ‘எங்கள் கந்தோரில் ஒரு விபீஷணன் இருக்கிறான்’ என்று சொல்லப் போய், அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

‘யாதும் ஊரே’ இரண்டாயிரம் வருடமாக மக்கள் வாயில் இருக்கிறதா?

எனக்கும் அப்படி ஓர் எண்ணம் இருந்தது. பாட்டு பழையது, கணியன் பூங்குன்றனார், புறநானூறு 192. ஆனால் புறநானூறு அச்சில் வந்தது 1894இல், உ.வே. சாமிநாதையர் பதிப்பாக. அதற்கு முன் அது சில ஏட்டுச் சுவடிகளுக்குள் கிடந்தது. நம் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தது 1887. அதனால் இந்தச் சங்க வரிகள் ஊர் வாயில் புழங்கத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. மேடை, பாடநூல், கல்யாண அழைப்பிதழ் வழியாக வந்தவை. ‘செம்புலப் பெயல்நீர்போல’ என்று அச்சடித்த அழைப்பிதழ் எங்கள் வீட்டு மேசையில் இப்போதுகூட ஒன்று கிடக்கிறது. அது குறுந்தொகை 40.

ஒளவையார் பாட்டின் பாதை வேறு. ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை எல்லாம் திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் தேய்த்த காலத்திலிருந்து வாய்ப்பாடமாக வந்தவை. ‘குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை’ என்று சண்டை விலக்க வரும் பெரியம்மா, தான் கொன்றை வேந்தனைச் சொல்கிறோம் என்று நினைப்பதே இல்லை. ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’வும் அதே நூல்.

ஒரு எச்சரிக்கை: கேளிர் (3) என்பதில் ‘ளி’ குறில். கேளிர் என்றால் உறவினர். பதாகைகளில் ‘கேளீர்’ என்று நீட்டி எழுதி, எல்லாரையும் காது கொடுத்துக் கேட்கச் சொல்லிவிடுகிறார்கள். கட்டம் இரண்டுக்கும் மூன்றுதான், அதனால் பிழை அகப்படாமல் போய்விடும்.

உறுமீன் என்ன மீன்? வெள்ளவத்தைச் சந்தையில் கிடைக்குமா?

சிரிக்காதீர்கள், இதை என்னிடம் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். மூதுரையில் ‘ஓடுமீன் ஓட உறுமீன் வருமளவும் வாடி இருக்குமாம் கொக்கு’. உறு என்பது தவ, நனி போல மிகுதியைக் காட்டும் சொல். சின்ன மீன்களை ஓடவிட்டு, ஏற்ற பெரிய மீன் வரும்வரை கொக்கு காத்திருக்கிறது. அடங்கி இருக்கிறவனை அறிவில்லாதவன் என்று நினைத்துவிடாதே என்பது பாட்டின் முன்பாதி. அது மறந்து, கொக்கு மட்டும் மிஞ்சிவிட்டது.

சந்தையில் நிச்சயம் கிடைப்பது கூனி. ‘சம்பலிலும் உண்டு, சதியிலும் உண்டு (2)’ என்று ஒரு குறிப்பு நான் எழுதி வைத்திருக்கிறேன், யாராவது போட்டி நடத்தினால் எடுத்துக்கொள்ளலாம். காய்ந்த சின்ன இறாலும் அதுதான், கைகேயியின் மனத்தைக் கலைத்த மந்தரையும் அதுதான்.

திருக்குறளிலிருந்து எதைப் பாடமாக்கினால் போதும்?

1330இல் எதைச் சொல்வது! சொற்களைக் கவனியுங்கள் என்பேன். போட்டி தயாரிப்பவர்களுக்கு 475ஆம் குறளில் தனி ஆசை உண்டு: ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும்’. பீலி (2) மயிலிறகு, சாகாடு (3) வண்டி. மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் அச்சு முறியும். மாலை ஆறு மணிக்குக் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் உரை தேவையில்லை. நடத்துநர் மட்டும் உள்ளே இன்னும் இடமிருக்கிறது என்பார்.

‘குழம்பியுள்ளது’, ‘திரும்பியுள்ளது’ என்று வந்தால்?

முதலாவதில் எழுத்துகள் இடம் மாறி இருக்கும், இரண்டாவதில் சொல் பின்னாலிருந்து வரும். ‘வாலறுந்த திருமால் திரும்பினால் வாலுள்ளவன் (3)’ என்று ஒன்றைப் பாருங்கள். திருமாலின் கடைசி எழுத்தை வெட்டினால் தி-ரு-மா, திருப்பினால் மாருதி.

குறுக்கெழுத்து 1913இல் நியூயோர்க் பத்திரிகையில் பிறந்த விளையாட்டு என்றாலும், இந்தப் புத்தி நமக்குப் புதிதில்லை. ‘மரா, மரா’ என்று சொல்லிச் சொல்லியே வேடன் வால்மீகி ஆனான் என்ற கதையில் திரும்பியிருப்பது ராம நாமம். காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும் ஒரே வெண்பாவில் சிலேடை சொன்னவர். அவர் இன்றைக்கு இருந்தால் ஞாயிறு பக்கம் அவர் கையில்தான். நாம் யாரும் நிரப்பியிருக்க மாட்டோம்.

இலங்கையோடு தொடர்புள்ள விடைகள் எவை?

கயவாகு (4): சிலப்பதிகாரத்தில் ‘கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன்’. பூதந்தேவனார்: ஈழத்துப் பூதந்தேவனார் என்று பெயர் கொண்ட சங்கப் புலவர், அகநானூறு, குறுந்தொகை, நற்றிணை மூன்றிலுமாக ஏழு பாட்டு. மணிபல்லவம்: மணிமேகலை அமுதசுரபி பெற்ற தீவு, நயினாதீவுதான் அது என்று நம்மில் பலர் சொல்வார்கள்.

அமுதசுரபி (6) வருகிற இடத்தில் அட்சயபாத்திரம் என்று எழுதப் பார்க்காதீர்கள். அது பாரதத்துப் பாண்டவருடையது, ஒன்பது கட்டம் வேண்டும்.

சந்தேகம் வந்தால் எங்கே பார்ப்பது?

57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம். 1942இல் தொடங்கிய சங்கம். வீட்டிலிருந்தே என்றால் மதுரைத் திட்டத்தின் தளத்தில் மூலபாடங்கள் இருக்கின்றன. முகநூல் படத்தில் பூவுக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதை நம்பிக் கட்டம் நிரப்ப வேண்டாம்.

‘வள்ளல் (2)’ என்று மட்டும் இருந்தால் யாரைப் போடுவது?

கடையெழு வள்ளல்களில் நாலு பேர் இரண்டு கட்டக்காரர்கள்: பாரி, காரி, ஓரி, ஆய். பேகனும் நள்ளியும் மூன்று. அதியமான் ஐந்து. ஆயை விட்டால் மற்ற மூவரும் ‘ரி’யில் முடிவதால் முதல் எழுத்துக்குக் குறுக்கே ஒரு சொல் வராவிட்டால் திண்டாட்டம்தான்.

ஒரு முறை அப்படி வந்தது: ‘குதிரைக்கும் இவ்வள்ளலுக்கும் ஒரே பெயர் (2)’. இரண்டாவது கட்டத்தில் ‘ரி’ விழுந்துவிட்டது, முதல் கட்டத்தைத் தொட்டு ஒரு சொல்லும் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் ‘காரிக் குதிரைக் காரியொடு மலைந்த ஓரிக் குதிரை ஓரி’ என்று இருக்கிறது. இருவர் குதிரைக்கும் அவரவர் பெயரே! அம்மம்மா கட்டத்தின் குறுக்கே ஒரு கோடு கீறி, ஒரு மூலையில் ‘ஓ’, மறு மூலையில் ‘கா’ எழுதி, வெட்டித் தபாலட்டையில் ஒட்டி அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு விடை வந்தது. ‘பாரி’ என்று போட்டிருந்தார்கள். அம்மம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: ‘தேரையே குடுத்த மனிசனிட்ட குதிரை எங்கால வந்தது?’